ரோமுக்கு நீங்களே போங்கள், பொம்பெயிக்குக் கப்பலோடு போங்கள்

கேள்வி: அக்டோபர் கடைசி வாரம் நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன் நால்வரும் மத்தியதரைக் கடலில் குரூஸ் போகிறோம். ஏறுவதும் இறங்குவதும் பார்சிலோனாவில். நடுவில் ஒரு நாள் ரோமுக்காக சிவிடாவெக்கியா துறைமுகம், மறுநாள் நேப்பிள்ஸ், அடுத்த நாள் முழுக்கக் கடல், அப்புறம் பார்சிலோனா. கப்பலில் ரோம் டூருக்கு ஆளுக்கு 130 யூரோ, நேப்பிள்ஸ் பக்கத்தில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய நகரமான பொம்பெயிக்கு 75 யூரோ கேட்கிறார்கள். நாமே போனால் பாதிகூட ஆகாது என்கிறார் கணவர். எனக்குக் கப்பலைத் தவறவிட்டுவிடுவோமோ என்று பயம். எது சரி?
- ஒரு வாசகி, கோவை

பதில்: இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் ஒரே நாளுக்கு அல்ல.

கப்பல் டூருக்கு நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பேருந்துக்கோ வழிகாட்டிக்கோ போவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது ஒரு காப்பீட்டு பிரீமியம். அவர்கள் ஏற்பாடு செய்த பேருந்து நெரிசலில் மாட்டினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, தவறவிட்டால் எவ்வளவு நஷ்டம், அதற்கு இந்த பிரீமியம் நியாயமா என்பதுதான்.

முதலில் ரோம். சிவிடாவெக்கியாவிலிருந்து ரோமுக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். ஆனால் சாதாரண ரயிலில் ஒருவருக்கு சுமார் 5 யூரோதான், சிறுவனுக்குப் பாதி. போகவர 35 யூரோ. ரோமில் ஓஸ்டியென்ஸே நிலையத்தில் இறங்கி, பக்கத்திலுள்ள பிரமிடே மெட்ரோ நிலையத்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் கொலோசியம். மெட்ரோவுக்கு 9 யூரோ, பத்து வயதுக்குள் இருப்பதால் மகனுக்கு இலவசம். கொலோசியம் நுழைவு பெரியவர்களுக்கு 18 யூரோ, பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. துறைமுகத்திலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகவர 15 யூரோ என்று தாராளமாகவே வைப்போம். ஆக 95 யூரோ. கப்பல் டூருக்கு 520. யூரோவுக்கு 100 ரூபாய் என்று கணக்குப் போட்டால் வித்தியாசம் 42,500 ரூபாய்.

சரி, தவறவிட்டால்? அடுத்த துறைமுகம் நேப்பிள்ஸ் என்பது உங்கள் அதிர்ஷ்டம். ரோமிலிருந்து அதிவேக ரயிலில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஓர் இரவு ஓட்டல், நான்கு ரயில் டிக்கெட், ஒரு டாக்சி எல்லாம் சேர்ந்தாலும் அதே 425 யூரோவை ஒட்டித்தான் வரும். நடக்குமோ நடக்காதோ என்ற ஒரு நஷ்டத்துக்கு, அதே அளவு தொகையை முன்கூட்டியே யாராவது கட்டுவார்களா? ரோமுக்கு நீங்களே போங்கள்.

நேப்பிள்ஸில் கணக்கு தலைகீழ். அங்கே தவறவிட்டால் கப்பலை மறுபடி பிடிக்கும் இடம் பார்சிலோனாதான். கடைசி நேரத்தில் நான்கு விமான டிக்கெட், இரண்டு இரவு ஓட்டல், அதோடு பணம் கட்டிய கேபின் காலியாகப் பயணம் செய்யும். பொம்பெயிக்குப் போகும் உள்ளூர் ரயிலில் கூட்டம் பிதுங்கும். ஆகவே பொம்பெயியைப் பார்த்தே ஆக வேண்டுமென்றால் 300 யூரோ கொடுத்துக் கப்பலோடு போங்கள், ரோமில் மிச்சம் பிடித்த பணம் இருக்கிறதே. வேண்டாமென்றால் பிரச்சினையே இல்லை. நேப்பிள்ஸில் கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கும், பழைய நகரத்துக்கு நடந்தே போய் பீட்சா சாப்பிட்டுத் திரும்பலாம். என்னைக் கேட்டால் குழந்தைகளுக்கு அதுவே பிடிக்கும்.

ரோம் நாளுக்கு மட்டும் சில முன்னேற்பாடுகள் வேண்டும். கொலோசியம் டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட் கேட்பார்கள். குழந்தைகளுக்கும் இலவச டிக்கெட்டைச் சேர்த்தே பதிவு செய்யுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதற்குப் பிறகு ஐந்து மணிக்கெல்லாம் இருட்டும், கொலோசியத்தில் கடைசி நுழைவு மாலை 3.30. ஆகவே காலை நேரத்தையே எடுங்கள். அது மழைக்காலமும்கூட, குடை எடுத்துப் போங்கள். இல்லாவிட்டால் தெருவில் நனைந்துகொண்டே வாங்க வேண்டும்.

திரும்பும்போது இரண்டு ரயில் தவறினாலும் கப்பல் தவறாதபடி கிளம்புங்கள். காகித டிக்கெட் என்றால் ஏறும் முன் நிலையத்திலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள மறக்காதீர்கள், இல்லாவிட்டால் அபராதம். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சகஜம், குறிப்பாக வெள்ளிக்கிழமைகளில். வார நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 மட்டுமே ரயிலுக்கு உத்தரவாதம் உண்டு, மாலையில் கிளம்பும் கப்பலுக்கு அது உதவாது. வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அந்த நாளில் மாட்டினால் வழிகாட்டி இல்லாமல் பேருந்தை மட்டும் தரும் டூர் கப்பலில் இருக்கிறதா என்று கேளுங்கள். முழு டூரைவிட மலிவாக இருக்கும்.

செலவில் கசியும் ஓட்டைகள் இரண்டு. கார்டு இயந்திரம் யூரோவா ரூபாயா என்று கேட்டால் யூரோவை அழுத்துங்கள். ரூபாய் தெரிந்த எண்ணாயிற்றே என்று நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன், மாற்று விகிதத்தில் நன்றாக வைத்துத் தீட்டிவிட்டார்கள். இன்னொன்று போன். கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது பிடிக்கும் சிக்னல் சாதாரண ரோமிங் பேக்கில் பெரும்பாலும் வராது. கரை மறைந்ததும் நான்கு போன்களையும் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள், முதலில் உங்கள் மகளுடையதை.