வாங்க மாட்டோம் என்றால் என்ன ஆகும்? (கேள்வி பதில்)

பாம்பன்: அண்ணே, வெளிநாட்டுக் குளிர்பானம் வாங்குவதில்லை என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருக்கிறோம். கம்பெனிக்கு உறைக்குமா?

தெருவோடு நின்றால் உறைக்காது, தம்பி. 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் சொன்னபோது உறைத்தது. கடையிலேயே இல்லையென்றால் இருப்பதைக் குடித்துவிட்டுப் போவார்கள். பொவொன்டோவுக்கு அப்போது நல்ல யோகம். அப்புறம் பழைய பாட்டில்கள் மெல்லத் திரும்பிவிட்டன.

ராமேஸ்வரம்: இறால் விலையைக் குறைக்கிறார்கள். கம்பெனிக்குக் கொடுக்காமல் நிறுத்தினால் என்ன?

கரைக்கு வந்த இறாலை வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்க முடியாது. ஐஸ் கரையக் கரைய விலையும் கரையும். படகைக் கட்டிப்போட்டால்தான் பேச்சு எடுபடும், கடலில் கிடக்கும் இறால் கெடாதே. ஆனால் கம்பெனியிடம் குளிர்கிடங்கு இருக்கிறது, நம்மிடம் வட்டிக் கடன் இருக்கிறது. யார் முதலில் இறங்கி வருவார் என்று சொல்லவா வேண்டும்?

இன்னொன்று. வலையில் ஆமை தப்பிக்க வழி இல்லை என்று 2019-இலேயே அமெரிக்கா நம் கடல் இறாலை நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டபோது அடி விழுந்தது பண்ணை இறாலுக்கு. 'நமக்கென்ன' என்று இருக்க முடியாது. அங்கே போகாத பண்ணை இறால் வேறு நாட்டுச் சந்தைக்குத் திரும்பினால், அங்கே நம் இறாலோடுதான் மோதும்.

தொண்டி: மீன் விலை தாங்கவில்லை. ஒரு மாதம் வாங்காமல் இருக்கலாமா?

இருங்கள். கூடை சுமக்கும் அக்காவுக்குத்தான் முதல் நஷ்டம்.

கீழக்கரை: காக்கா (அண்ணே), பெரும் பணக்காரர்களின் சொத்துக்கே வரி போட்டால்?

போட்டிருந்தோம். நகராட்சிக்குக் கட்டும் சொத்து வரி இல்லை, இது செல்வ வரி. 1957-இல் வந்தது, 2015 பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். 2013-14-இல் நாடு முழுக்க வசூலானது 1,008 கோடிதான். காரணம் எளிது: நகை, கார், கூடுதல் வீடு எல்லாம் கணக்கில் வரும், பெரும் பணம் இருக்கும் பங்குகள் வராது. ஓட்டை வலையை வீசிவிட்டுக் கடலில் மீனே இல்லை என்பதுபோல. அதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 1 கோடிக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம் கூடுதல் சர்சார்ஜ் (வரியின் மேல் வரி) போட்டார்கள்.

மண்டபம்: கையில் காசில்லாதவனுக்கு ஏது டிமாண்ட் (வாங்கும் தேவை)?

சரியான கேள்வி. 2023 ஆகஸ்டில் உங்கள் ஊர் மாநாட்டில்தானே மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை 8,000 ரூபாயாக உயர்த்துவதாக முதல்வர் அறிவித்தார்? ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் படகு நிற்கும்போது அந்தப் பணம் பேங்கில் தூங்காது. வந்த வாரம் உங்கள் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை பெயர் அடித்திருக்கும் என்று.