கேரவன் வண்டியோடு வால்பாறைப் பக்கம் காட்டில் இரவு தங்க முடியுமா?

தங்கலாம், ஆனால் நினைத்த இடத்தில் ஓரங்கட்டித் தூங்க முடியாது. பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக ஏறும் சாலை ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது. அங்கே சாலையோரம் அடுப்பு மூட்டினால் வனத்துறை விடாது. வனத்துறை விட்டாலும் யானை விடாது. எஸ்டேட் பக்கம் தனியார் இடம் வைத்திருப்பவரிடம் முன்பே பேசி, அவர் வளாகத்துக்குள் நிறுத்துங்கள்.

வழியில் 40 கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸே ஏறுகிற ரோடுதான், ஏறுவதில் பயமில்லை. இறங்கும்போதுதான் வம்பு. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஏறிய அதே கியரில் இறங்குங்கள்.

அப்புறம் மின்சாரம். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் கணக்குப்படி 1,200 வாட்-மணி இருக்கும். சாதாரண லெட் ஆசிட் பேட்டரி என்றால் அதில் பாதியைத்தான் எடுக்கலாம். 50 வாட்டில் ஓயாமல் ஓடும் குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று போதும், 12 மணி நேரத்தில் காலி. அந்தக் குளிரில் ஃபிரிட்ஜ் எதற்கு என்பது வேறு கேள்வி! மழைக்காலத்தில் சோலாரை நம்பவே வேண்டாம்.

குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கழிவறைத் தொட்டியை ஓடையில் திறந்துவிடாமல் ஊருக்குக் கொண்டுவந்து காலி செய்யுங்கள். மழை நாளில் அட்டைக்குக் கொஞ்சம் உப்பும் எடுத்துக்கொள்ளுங்கள்.