கதைகளில் வரும் மரணமும் நிஜ மரணமும் ஒன்றுதானா? அதற்குத் தயாராக எதைப் படிக்கலாம்?

இதைச் சும்மா பொழுதுபோகாமல் யாரும் கேட்கமாட்டார்கள். உங்களுக்கு வேண்டிய யாரோ படுக்கையில் இருக்கிறார்கள் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். இல்லையென்றால் சந்தோஷம், பதிலைப் பாதியில் விட்டுவிட்டுப் போகலாம்.

நான் டாக்டர் இல்லை, பேராசிரியரும் இல்லை. பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்கு முன் பிழை திருத்துவது, என் தொழில், பெரும்பாலும் நாவல்கள். அதனால் காகிதத்தில் ஏராளமான பேர் சாவதைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது என் அம்மாவை மட்டும்தான். ஒரே ஒரு சாவை வைத்துக்கொண்டு உலகத்துக்கே பாடம் எடுக்கிறாயா என்று யாராவது வருவீர்கள். விபத்தும் மாரடைப்பும் வேறு மாதிரி என்று எனக்கும் தெரியும். நோயில் மெதுவாகப் போகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறேன்.

நாவலில் ஒருவர் சாகப்போகிறார் என்பது மெய்ப்புப் பார்க்கிறவளுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவர் பேச்சில் புள்ளிகள் பெருகும். "தம்பியை... நீதான்... பார்த்துக்கணும்..." இங்கே மூன்று புள்ளியா நாலு புள்ளியா என்று எழுத்தாளர்களோடு சண்டை போட்டிருக்கிறேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அவர் சொல்லி முடிக்கும்வரை எமன் வாசலில் மரியாதையாகக் காத்திருப்பான். ரகசியம் பாதியில் அறுந்தால்கூடக் கதைக்குத் தோதான இடத்தில்தான் அறும். உயிர் போவது அநேகமாக அத்தியாயத்தின் கடைசிப் பத்தியில்.

அம்மாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். இனிச் சிகிச்சை பலன் தராது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிய பிறகு ஒரு பாலியேட்டிவ் நர்ஸ், அதாவது நோயைக் குணமாக்க அல்ல, வேதனையைக் குறைக்க வருகிறவர், வந்துபோனார். வரப்போவதையெல்லாம் எங்களை உட்காரவைத்து முன்னாலேயே சொல்லிவிட்டார். தூக்கம் கூடும். சாப்பாடு வேண்டாம் என்பார்கள். பசியில் சாகிறார்கள் என்று அர்த்தமில்லை, உடம்பு சாப்பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. வற்புறுத்தி ஊட்டினால் நுரையீரலுக்குள் போய்விடும், வாயை ஈரப்படுத்தினால் போதும். கை கால் சில்லிடும், பாதத்திலும் முழங்காலிலும் திட்டுத்திட்டாக நிறம் மாறும். மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகி, பிறகு தேய்ந்து, நின்றே போய், மறுபடி தொடங்கும். செய்ன், ஸ்டோக்ஸ் என்ற இரண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவர்களின் பெயரால் இதைச் சொல்கிறார்கள். தொண்டையில் எச்சிலும் சளியும் தேங்கிக் கரகரவென்று சத்தம் வரும், விழுங்கவோ இருமவோ தெம்பில்லாததால். "அந்தச் சத்தம் உங்களைத்தான் வதைக்கும், அவங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது. ஒருக்களித்துப் படுக்க வைங்க" என்றார்.

எல்லாம் அவர் சொன்னபடிதான் நடந்தது. நான் அதுவரை திருத்திய எந்த நாவலிலும் இதில் பாதிகூட இல்லை. வலிக்கு மார்ஃபின் கொடுத்தால் மலச்சிக்கல் வரும், அதற்கு மலமிளக்கியையும் சேர்த்தே ஆரம்பிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசிக் காலத்தில் அதிகம் பேசப்பட்ட விஷயம் ஆன்மா இல்லை, அம்மாவுக்கு வயிறு போனதா இல்லையா என்பதுதான். அருவருப்பாக இருக்கிறது என்பவர்கள் இன்னும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். (மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்று பயமுறுத்தவும் ஆள் வருவார்கள். மருத்துவர் வலிக்குத் தக்கபடி அளவு பார்த்துக் கொடுக்கும்போது அப்படி இல்லை. வலியோடு விடுவதுதான் கொடுமை.)

இலக்கியம் பொய் சொல்கிறது என்கிறாயா என்றால், இல்லை. 1886-இல் வந்த டால்ஸ்டாயின் 'இவான் இலியிச்சின் மரணம்' இருக்கிறதே, அதில் மலம் கழிக்க உதவி தேவைப்படும் அவமானம்கூட வருகிறது. கெராசிம் என்ற வேலைக்காரப் பையன் முகம் சுளிக்காமல் அதை எடுத்துப் போடுகிறான், வலி குறைய எஜமானின் கால்களைத் தன் தோளில் தாங்கி உட்கார்ந்திருக்கிறான். வலியைவிட இவான் இலியிச்சை அதிகம் வாட்டுவது சுற்றியிருக்கிறவர்களின் பொய்: உனக்குச் சும்மா உடம்பு சரியில்லை, சரியாகிவிடும் என்ற நடிப்பு. அந்தப் பையன் ஒருவன்தான் நடிப்பதில்லை. எங்கள் வீட்டிலும் சித்தி தினமும் வந்து "அடுத்த வருஷம் எங்கூட ஊருக்கு வரணும்க்கா" என்பார். அம்மா சரி சரி என்பார். சித்தி போனதும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார்.

அந்தக் கதையின் ஆரம்பம் இன்னும் பலே. சாவுச் செய்தியைக் கேட்ட சக அதிகாரிகளுக்கு முதலில் தோன்றுவது, காலியான இடத்தால் யாருக்குப் பதவி உயர்வு கிடைக்கும் என்பது. அம்மாவின் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு ஒரு சொந்தக்காரர், அந்தக் காற்றுப் படுக்கையை அப்புறம் என்ன செய்யப்போகிறீர்கள், தன் மாமனாருக்கு ஆகும் என்றார். அம்மாவுக்குக் கேட்டிருக்குமா? 2020-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், அழைத்தாலும் அசையாத நிலையில் இருந்த நோயாளிகள் சிலரின் மூளை ஒலி மாறுவதை உணர்ந்து எதிர்வினை காட்டியதாகப் பதிவாகியிருக்கிறது. கேட்டது புரிந்ததா என்பதை அந்தச் சோதனையால் சொல்ல முடியாது. எனக்கென்னவோ படுக்கைச் செய்தி கேட்டிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. கேட்டிருந்தால் சிரித்திருப்பார்.

இப்போது கடைசி வார்த்தைக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கு நான் பதில் எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான். அம்மா கடைசியாகப் பேசிய முழு வாக்கியம், "ஃபேனைக் குறைடி." அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு மேல் மூச்சு ஓடியது, பேச்சு இல்லை. துக்கம் கேட்க வந்த எல்லாரும் "கடைசியா என்ன சொன்னாங்க?" என்றார்கள். நான் இதைச் சொன்னேன். யாருக்கும் திருப்தி இல்லை. "வேற ஒண்ணும் சொல்லலையா? நல்லா யோசிச்சுப் பாரு" என்று பெரிய மாமா விடாமல் கேட்டார். சில மாதம் கழித்து ஒரு விசேஷத்தில், "சாகும்போது என் தங்கச்சி, எல்லாரும் ஒற்றுமையா இருங்கன்னு சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா" என்று அவர் பத்துப் பேருக்கு நடுவில் சொல்லிக்கொண்டிருந்தார், குரல் தழுதழுக்க. அந்த நேரத்தில் அவர் வீட்டிலேயே இல்லை. அந்த இடத்தில் மூன்று புள்ளிகூட விட்டார் என்று சத்தியம் செய்வேன். இப்போது குடும்பத்தில் நிலைத்துவிட்ட வடிவம் அதுதான். சாகிறவர்களின் வசனத்தை எழுத நாவலாசிரியர்தான் வேண்டும் என்பதில்லை, ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பெரிய மாமா இருக்கிறார்.

நிஜத்திலேயே கதை மாதிரி செத்தவர்களும் உண்டு. ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1904-இல், 44 வயதில், காசநோயில், ஜெர்மனியின் பாடன்வெய்லரில் இறந்தார். அவரே மருத்துவர். ஜெர்மன் மொழியில் "நான் சாகிறேன்" என்று வந்திருந்த மருத்துவரிடம் சொல்லி, கொடுத்த ஷாம்பெயினை வாங்கி, "ஷாம்பெயின் குடித்து ரொம்ப நாளாயிற்று" என்று சொல்லிவிட்டுக் குடித்தாராம். பக்கத்தில் இருந்த அவர் மனைவி எழுதி வைத்ததால் நமக்குத் தெரிகிறது. ஆனால் உடல் மாஸ்கோவுக்குச் சிப்பி ஏற்றும் ரயில் சரக்குப் பெட்டியில் போய்ச் சேர்ந்தது. இந்தப் பெட்டியைக் கற்பனையில் யாராவது எழுதியிருந்தால் கொஞ்சம் ஓவர் என்று ஓரத்தில் குறித்திருப்பேன்.

இன்னொன்று, சாவை எதிர்கொள்வதில் ஐந்து நிலைகள் என்று யாராவது உங்களிடம் ஆரம்பிப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்லர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதிய புத்தகத்திலிருந்து வந்தது. சாகப்போகிற நோயாளிகளோடு உட்கார்ந்து பேச டாக்டர்களே தயங்கிய காலத்தில் அவர் பேசினார், அதற்காகக் கும்பிடலாம். ஆனால் இதைப் படிக்கட்டு மாதிரி வைத்துக்கொண்டு "அம்மா இப்போ எந்த ஸ்டேஜ்?" என்று கேட்பதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா காலையில் எல்லாவற்றுக்கும் தயார் என்பார், மத்தியானம் எல்லார் மேலும் எரிந்து விழுவார், சாயங்காலம் கண்ணாடியை மாற்ற வேண்டும், பவர் கூடிவிட்டது என்பார். அதேபோல் அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்பதையும் எதிர்பார்த்துக் காத்திருந்தோம். அது வெறும் கதை இல்லை. மிஹாயெல் நாம் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2009-இல் இப்படித் திடீரென்று தெளிவு பெற்றவர்களின் பதிவுகளைத் தொகுத்து அதற்கு ஒரு பெயரும் வைத்தார். எங்களுக்கு வரவில்லை, அவ்வளவுதான். வரவில்லை என்றால் நீங்களும் எதையோ தவறவிட்டதாக நினைக்க வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் ஒன்று. என் ஆபீஸில் இறந்த பிறகு லீவு உண்டு, இறந்துகொண்டிருக்கும்போது கிடையாது. கேட்டதற்கு, "தோராயமா எந்தத் தேதி இருக்கும்?" என்றார்கள். அச்சுக்குப் போக வேண்டிய புத்தகம் ஒன்று என்னிடம் இருந்ததாம். உடம்பு இளைப்பது எப்படி என்பதைப் பற்றியது. அம்மா காலடியில் உட்கார்ந்து அதற்கும் மெய்ப்புப் பார்த்துக் கொடுத்தேன். என் பெயரை எங்கும் போடவில்லை, எப்போதும் போடுவதில்லை. பின் அட்டையில் ஒரு எழுத்துப் பிழை வந்ததும் மட்டும் என் பெயர் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. பின் அட்டையை என்னிடம் காட்டவே இல்லை. சரி, அது இருக்கட்டும்.

அம்மா போன ராத்திரி மேல் வீட்டில் பிறந்தநாள் கொண்டாட்டம். பாட்டும் கைதட்டலும் தலைக்கு மேலே. அவர்களுக்குத் தெரியாது, போய்ச் சொல்லவும் எங்களுக்குத் தோன்றவில்லை. புறநானூற்றில் பக்குடுக்கை நன்கணியார் இதையே பாடியிருக்கிறார், 194-ஆவது பாட்டு: "ஓரில் நெய்தல் கறங்க." ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் கல்யாண முழவு. இப்படி ஒரு உலகத்தைப் படைத்தவனை "பண்பிலாளன்" என்று திட்டிவிட்டுத்தான் மேலே போகிறார். மெய்ப்புப் பார்த்த எத்தனையோ மரணக் காட்சிகளில் எதுவும் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை, இந்தத் திட்டு வந்தது. ஆறுதல் என்று சொல்லமாட்டேன். எனக்கு முன்னால் ஒருவருக்கு இதே எரிச்சல் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எதைப் படிக்கலாம் என்றால், முதலில் நர்ஸையோ டாக்டரையோ கேட்டு இனி என்ன வரும், நடுராத்திரியில் யாரைக் கூப்பிடலாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஒரு கதைதான் என்றால் டால்ஸ்டாய். சின்னது, நோயாளி தூங்கும் நேரத்தில் முடித்துவிடலாம். அட்டைக்கு மட்டும் ஒரு பழைய பேப்பரைச் சுற்றிவிடுங்கள், தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும்.