கட்டடமும் மரமும் சேர்ந்து வளரட்டும்

கேள்வி: அக்ரிலிக்கில் நகரத் தெருக்களை வரைகிறேன். கட்டடங்களை வரைந்து முடித்துவிட்டு முன்னால் மரங்களைப் போட்டால், வெட்டி ஒட்டியதுபோல் நிற்கின்றன. மேலே மேலே நிறம் வைத்தால் எல்லாம் கலங்கிச் சேறாகிவிடுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்: கட்டடத்தை முழுக்க முடித்த பிறகுதான் மரத்துக்கு வருகிறீர்கள், சிக்கல் அங்கேதான். இரண்டையும் அடுக்கடுக்காக ஒன்றாகவே வளர்க்க வேண்டும்.

முதலில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு நிறத்தை நன்றாக நீர்க்கக் கரைத்து கேன்வாஸ் முழுக்கப் பூசிக் காயவிடுங்கள். பின்னால் இலைக்கு நடுவிலும் சுவருக்கு நடுவிலும் இந்தச் செம்பழுப்பு எட்டிப் பார்க்கும். படத்தைச் சேர்த்துப் பிடிப்பது அதுதான். அடுத்து, அதே பர்ன்ட் சியன்னாவோடு அல்ட்ராமரைன் நீலம் கலந்தால் அடர்ந்த சாம்பல் கிடைக்கும். பெரிய தட்டை பிரஷ்ஷால் நிழல்களை மட்டும் போடுங்கள். சுவரின் நிழலும் மரத்தின் நிழலும் ஒரே தீற்றலில் ஓடட்டும், நடுவே கோடு வேண்டாம்.

அப்புறம்தான் பச்சை. டியூபில் வரும் பச்சையை அப்படியே வைக்காதீர்கள், கத்தும். மஞ்சளில் துளி கருப்பு சேர்த்துப் பாருங்கள், அடக்கமான பச்சை வரும். அதில் கொஞ்சம் எடுத்துச் சுவரின் நிழலிலும் தொட்டுவையுங்கள்.

மரத்துக்கு உயிர் கொடுப்பவை இலைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிகள். கடைசியில் அங்கங்கே வானத்தின் நிறத்தை வையுங்கள், ஆனால் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாக. அதே வெளிச்சத்தில் வைத்தால் பொட்டுப்பொட்டாகத் துருத்தும். பின்னால் சுவர் இருக்கும் இடத்தில் அந்தச் சுவரின் நிறம்தான் தெரிய வேண்டும்; பலர் அங்கேயும் நீலத்தை வைத்துவிடுகிறார்கள்.

சேறாவதற்குக் காரணம் ஈரம். செம்பழுப்பின்மேல் பச்சை ஈரத்தோடு கலந்தால் பழுப்புதான் மிஞ்சும். கீழடுக்கு கையில் ஒட்டாத அளவு காய்ந்த பிறகு, முரட்டு மயிர் பிரஷ்ஷில் பெயின்ட் எடுத்து, துணியில் துடைத்து, லேசாக இழுங்கள். வைத்த தீற்றலை மறுபடி தடவவே கூடாது.

ஓவியர் காமீய் பிசாரோ 1897இல் பாரிஸின் மோன்மார்த்ர் பெருவீதியை ஓட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து 14 படங்கள் வரைந்தார். அவை எண்ணெய் வண்ணங்கள் என்றாலும் நீங்கள் பார்த்தே ஆக வேண்டியவை. குளிர்காலக் காலைப் படத்தில் கிளைகள் எங்கே முடிகின்றன, பின்னாலுள்ள சுவர் எங்கே தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள்.

சின்ன பிரஷ்ஷைக் கடைசியில், சில ஜன்னல்களுக்கு மட்டும் எடுங்கள். மரத்தை ஒட்டிய ஜன்னல்களைத் தொடாமல் விட்டுவிடுங்கள்.