நட்டத்தில் மட்டும் பங்கு

அன்புள்ள ஐயா,

வளர்ந்துவரும் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்த முறையில் ட்ரோன் ஓட்டுகிறேன். கமுதிப் பக்கம் சோலார் தகடுகளைச் சோதிப்பது, கடலோரத்தில் நில அளவை என்று வேலை. பறக்கும் நாளுக்கு மட்டும் சம்பளம். போன மாதம் வாலிநோக்கத்தில் காற்று பலமாக இருக்கிறது என்றேன். “வாடிக்கையாளர் காத்திருக்கிறார், ஏற்றுங்கள்” என்றார்கள். ட்ரோன் கடலில் விழுந்தது. அதற்காக என் பாக்கிச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடம் நிரந்தரமாக்குவதாகச் சொல்கிறார்கள். பொறுத்திருக்கலாமா?

ம., திருப்புல்லாணி

அன்புள்ள ம.,

கம்பெனி வளர்கிறது, சரி. அதற்கு உங்கள் பாக்கிச் சம்பளமும் உரமாகப் போயிருக்கிறது.

உங்கள் ஊர்க் கடற்கரையில் விசைப்படகு கரை திரும்பினால், மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பங்கு பிரிக்கிறார்கள். படகுக்காரருக்குப் பெரிய பங்கு. அதன் நியாய அநியாயம் தனிக்கதை. ஆனால் மீன்பாடு கூடினால் உடன் போனவர்களுக்கும் கூடும். உங்கள் ஒப்பந்தத்திலோ நட்டத்தில் மட்டும்தான் உங்களுக்குப் பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்துக்குக் கூட அரசு நிவாரணம் உண்டு. கச்சான் காற்று பலமாக வீசி, பறக்க முடியாத நாளில் வேனுக்குள் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு டீக்காசுகூடக் கிடையாது.

இன்னொன்று. ரிமோட் பைலட் சான்றிதழ் இருப்பது உங்கள் பெயரில். 2021 ட்ரோன் விதிகளின்படி, ஏற்றுவதற்கு முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் அந்த இடத்துக்குத் தடை உண்டா என்று பார்ப்பது பைலட்டின் கடமை. விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை போகலாம். உச்சிப்புளியில் கடற்படை விமானதளம் இருக்கும் மாவட்டத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. “கம்பெனிதான் ஏற்றச் சொன்னது” என்றால் யாரும் தலையாட்டிவிட்டுப் போகமாட்டார்கள்.

காப்பீடு இருக்கிறது என்றும் சொல்லியிருப்பார்கள். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை. ட்ரோன் அடுத்தவர் கூரையில் விழுந்தால் அது உதவும்; கடலில் மூழ்கிய ட்ரோனுக்கு உதவாது. அதற்குத் தனியாகப் பிரீமியம் கட்ட வேண்டும். கட்டாமல் மிச்சம் பிடித்துவிட்டு உங்களிடம் வசூலிக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

நிரந்தரப் பேச்சை விடுங்கள், தம்பி. அடுத்த வேலைக்கு முன் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். காத்திருக்கும் நாளுக்குப் பாதிச் சம்பளமாவது வேண்டும். ட்ரோன் சேதம் கம்பெனியின் பொறுப்பு. காற்று பார்த்து வேண்டாம் என்று சொல்வது பைலட். முதல் இரண்டில் பேரம் பேசலாம். மூன்றாவதற்கு ஒப்பவில்லை என்றால் அன்றைக்கே விலகிவிடுங்கள்.

வாலிநோக்கத்தில் காற்றைப் பற்றி நீங்கள் அலைபேசியில் செய்தி ஏதும் அனுப்பியிருந்தால் அழித்துவிடாதீர்கள். பிடித்த சம்பளத்தைக் கேட்டு எழுதும்போது அது தேவைப்படும்.