கேள்வி–பதில்: குரல் தேய்ந்த பிறகு பாடலாமா?

கேள்வி: அமெரிக்க ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயின் கடைசி இசைத்தட்டான 'லேடி இன் சாட்டின்' கேட்டேன். குரல் கரகரக்கிறது, மெட்டும் மூலத்தில் உள்ளபடி இல்லை. அவருடைய சோகக் கதைக்காகத்தான் இதைப் புகழ்கிறார்களா?

பதில்: அது கடைசித் தட்டு அன்று. 1958 பிப்ரவரியில் அதைப் பதிவு செய்தவர், 1959 மார்ச்சில் அதற்கும் இசைக்குழுவை நடத்திய ரே எல்லிஸோடு இன்னொன்றையும் பாடிவிட்டுத்தான் அந்த ஜூலையில், 44 வயதில், காலமானார்.

மெட்டை மாற்றுகிறார் என்ற புகாரை 1958-க்கு மட்டும் ஏன் ஒதுக்குகிறீர்கள்? 1935-இல், குரல் பளிங்காக இருந்த 20 வயதில், பியானோ கலைஞர் டெடி வில்சனின் குழுவோடு 'வாட் எ லிட்டில் மூன்லைட் கேன் டூ' பாடியபோதும் அவர் அதைத்தான் செய்தார். வாத்தியங்கள் ஓட்டமாய் ஓட, அவர் மட்டும் அவசரமே இல்லாமல் அவற்றின் மேல் மிதந்துபோகிறார். ஒரு ஸ்தாயியைச் சற்றே தாண்டும் குரல் எல்லைக்குள் பாடியவர் அவர். ஏறி இறங்கும் மெட்டைச் சில சுரங்களுக்குள் சுருக்கிக்கொண்டு, எந்தச் சொல்லை எவ்வளவு தாமதித்து விடுவது என்பதையே தம் கலையாக்கிக்கொண்டார். ஜாஸ் உலகம் 'ஸ்டாண்டர்ட்' என்று சொல்லும் இந்த நாடக, திரைப் பாட்டுகளில் அச்சிட்ட மெட்டு பாடகர் புறப்படும் இடம். அங்கேயே நிற்கவேண்டும் என்று எந்த ஜாஸ் கலைஞரும் நினைத்ததில்லை.

1958-இல் தேய்ந்தது குரல்தான். 'ஐ'ம் எ ஃபூல் டு வான்ட் யூ' பாட்டில் வயலின்கள் தாளத்தோடு ஒட்டி நகர, அவர் ஒரு கணம் பின்தங்கி நுழைந்து, வரி முடிவதற்குள் கணக்கைச் சரிக்கட்டிவிடுவதைக் கவனியுங்கள். இழுத்து நிறுத்தவேண்டிய சுரங்கள் நடுங்குகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் சொல் விழும் இடம் ஒன்றுகூடத் தற்செயலானது அன்று. பதிவின்போது எல்லிஸே அவர் பாடியது பிடிக்காமல்தான் இருந்தார். சில வாரம் கழித்து முழுப் பதிவையும் கேட்ட பிறகே, தாம் சுரத்தை மட்டும் கேட்டு உணர்ச்சியைத் தவறவிட்டதாக ஒப்புக்கொண்டார். அந்தப் பாட்டை ஒலிப்பதிவுக் கூடத்தில் திரும்பக் கேட்டபோது பாடகியின் கண்கள் கலங்கின என்ற கதையை நானும் படித்திருக்கிறேன். அதை இசைக்குச் சான்றாகக் கொண்டுவர மாட்டேன். இந்தத் தட்டில் குறை காணவேண்டுமென்றால், சில இடங்களில் பாகாய் வழியும் கோரஸைச் சொல்லுங்கள், உங்களோடு சேர்ந்துகொள்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். அதே பாட்டை, அதை எழுதியவர்களில் ஒருவரான ஃப்ராங்க் சினாட்ரா 1951-இல் பாடியிருக்கிறார். தம்மை மிக அதிகமாகப் பாதித்த பாடகர் ஹாலிடேதான் என்று 1958-இல் சொன்னவரும் அவரே. முதலில் சினாட்ராவைக் கேளுங்கள். உடனே ஹாலிடேயைப் போட்டு, குரலை மறந்து, ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லும் எங்கே வந்து விழுகிறது என்று மட்டும் விரலால் தட்டிப் பாருங்கள். பிறகும் அது பரிதாபப் புகழ்தான் என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள்.