வாசகர் கேள்வி

கேள்வி: நடிகை சுசித்ரா சென் அவர்களை வங்காளிகள் ஏன் அப்படிக் கொண்டாடுகிறார்கள்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் சௌகார் ஜானகியின் 'காவியத் தலைவி' (1970) பார்த்திருப்பீர்களே? அதன் மூலப் படம் 'உத்தர் ஃபல்குனி' (1963) என்ற வங்காளப் படம்தான். தாசியாக வாழ நேர்ந்த அம்மா, வக்கீலான மகள் என இரண்டு வேடமும் சுசித்ராதான். நான் தமிழை முதலில் பார்த்துவிட்டு வங்காளத்துக்குப் போனவன். மொழி புரியவில்லை. ஆனால் அம்மாவின் கண்ணில் இருக்கும் களைப்பு மகளின் கண்ணில் துளிகூட இல்லை. மேக்கப் செய்யாத வேலை அது. (சௌகாரும் சளைத்தவரில்லை, சண்டைக்கு வராதீர்கள்!) அதே 1963-இல் 'சாத் பாகே பாந்தா' என்ற படத்துக்காக மாஸ்கோ திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருதும் வாங்கினார்.

1953-இல் வங்காள நடிகர் உத்தம் குமாருடன் சேர்ந்த ஜோடி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டாம். கல்கத்தாவில் இன்றும் வீட்டுப் பேச்சு.

அப்புறம் 1978. ஒரு படம் ஓடவில்லை, கதவைச் சாத்திக்கொண்டார். பேட்டி, மேடை எதுவும் கிடையாது. 2014 ஜனவரியில் இறக்கும்வரை, 35 வருடத்துக்கு மேல், அப்படியே இருந்தார்.